சரியும் சுவரும் நாலு பங்காளிகளும்: பழைய நாற்சார் வீட்டுக்கு யார் பொறுப்பு?

வண்ணார்பண்ணைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய பூட்டனார் கட்டிய நாற்சார் வீடு. தலைவாசலுக்கு மேல் சாந்தில் 1896 என்று பொறித்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் சுவர், பனஞ்சிலாகைக் கூரை, நடுமுற்றத்தைச் சுற்றித் தேக்கந்தூண்கள். நாலு பரப்பு வளவு. தகப்பன் வழி முதுசமாகச் சகோதரர் நால்வருக்கு வந்தது. மூத்த தம்பி கனடாவில், தங்கை லண்டனில். இளைய தம்பி காலமாகிவிட்டார்; அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஜேர்மனியில், இன்னும் பதினெட்டு வயதாகவில்லை. வீட்டில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவர் இவர் ஒருவர்தான். ஓய்வுக் கொடுப்பனவில் பாதியை ஓடு மாற்றவே செலவழித்திருக்கிறார்.

போன மாரிக்குப் பிறகு ஒழுங்கைப் பக்கச் சுவர் வெளியே சாயத் தொடங்கியிருக்கிறது. அந்த ஒழுங்கையால்தான் ரியூசனுக்குப் பிள்ளைகள் போய் வருகிறார்கள். அயலவர் ஒருவர் முறையிட, திருத்து அல்லது அகற்று என்று மாநகரசபையிலிருந்து அறிவித்தல் வந்திருக்கிறது. இடையில் தொல்லியல் திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்துப் போக, "வர்த்தமானியில் போட்டால் வீடு போய்விடும், அதுக்கு முதல் இடிச்சுப் போடுங்கோ" என்று ஊரில் சொல்கிறார்களாம். தூண்களுக்கும் கதவுக்கும் விலை பேசி ஒரு வியாபாரி இரண்டு தரம் படலைக்கு வந்துவிட்டார். "ஒரு சதமும் போடாதேங்கோ, வித்துப் போடுவம்" என்கிறார் கனடாத் தம்பி. "அப்பா பிறந்த வீடு, கை வைக்காதேங்கோ" என்கிறார் லண்டன் தங்கை. ஆனால் இருவரும் காசு அனுப்பவில்லை.

"இந்த வீட்டைப் பராமரிக்கிறது என்னுடைய பொறுப்பா? சுவர் விழுந்து ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் மறியலுக்குப் போக வேணுமா? இவ்வளவு காலம் சோலைவரி கட்டி நானே இருந்தபடியால் வீடு எனக்குத்தானே?" என்று முடித்திருக்கிறார்.

ரீச்சர், நீங்கள் இரண்டாவதாகக் கேட்ட, பிள்ளையைப் பற்றிய கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். வீடு யாருடையது, யார் எவ்வளவு போட வேண்டும், விற்பதா வைத்திருப்பதா என்பவற்றுக்கு மாதங்களும் போகலாம், வருடங்களும் போகலாம். அந்தச் சுவர் அவ்வளவு காலம் பொறுக்காது. ஐப்பசி மழைக்கு முதல் அதற்கொரு வழி செய்தாக வேண்டும். முழு வீட்டையும் திருத்தும் கடமையும் விழப்போகும் சுவரால் ஆபத்து வராமல் தடுக்கும் கடமையும் ஒன்றென்று நினைத்துத்தான் நீங்கள் மலைத்துப் போயிருக்கிறீர்கள். முதலாவதை உங்கள் தலையில் மட்டும் கட்ட முடியாது. இரண்டாவது, அந்த வீட்டில் இருப்பவர் என்ற முறையில், இன்றைக்கே உங்களிடம் இருக்கிறது.

சுவர் விழுந்தால்

எங்கள் நாட்டில் இப்படியான தீங்குகளுக்கு, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம்தான் பொருந்தும். கவனயீனத்தால் பிறருக்குத் தீங்கு விளைந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும். ஆபத்தை முன்கூட்டியே அறியக்கூடியதாக இருந்ததா, அறிந்தபின் நியாயமான ஒருவர் செய்யக்கூடியதைச் செய்தாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். மாநகரசபையின் அறிவித்தல் உங்கள் கைக்கு வந்த நாளோடு "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. "மழை பெய்தது, இயற்கை அனர்த்தம்" என்பதும் எடுபடாது. யாழ்ப்பாணத்தில் மாரி வருடா வருடம் வருகிறது. நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்டெம்பரில் மழைக்கு இடிந்து விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சுண்ணாம்புச் சாந்துக் கட்டடத்தை மழை என்ன செய்யும் என்று இங்கே எவரும் தெரியாதென்று சொல்ல முடியாது.

உயிர் போனால் தண்டனைச் சட்டக்கோவையும் வரும். கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உங்களைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. முட்டுக் கொடுத்து, ஆள் போகாமல் மறித்து, சபைக்கு எழுத்தில் அறிவித்து, பொறியியலாளரை அழைத்துக் காட்டிய ஒருவரைக் கவனயீனமானவர் என்று நிறுவுவது கடினம். சும்மா இருந்தவரை நிறுவுவது சுகம்.

நட்டஈட்டு வழக்கு வந்தால் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களும் உரிமையாளர்கள் என்ற வகையில் பிரதிவாதிகளாகலாம். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். "காசு போட மாட்டேன்" என்பவருக்குத் தன் பெயரும் வழக்கில் வரலாம் என்பது பெரும்பாலும் தெரியாது.

இனி அறிவித்தல். அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வெளியே எடுங்கள். பதிலில்லாவிட்டால் சபை தானே அகற்றிவிட்டுச் செலவை உரிமையாளரிடம் அறவிடச் சட்டம் இடம் தருகிறது. சபையின் ஆட்களோ இயந்திரமோ வந்தால் எது ஆபத்தான பகுதி, எது நல்ல பகுதி என்று உங்களைப் போல் பார்த்துப் பார்த்து இறக்க மாட்டார்கள். பொறியியலாளரின் அறிக்கையை இணைத்து, ஆபத்தை நீக்க என்ன செய்திருக்கிறீர்கள், மிச்சத்துக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சுவரின் உயரத்தைக் குறைப்பதற்கோ ஒரு பகுதியை இறக்கிக் கட்டுவதற்கோ அனுமதி எடுக்க வேண்டுமா என்று வேலைப்பகுதியில் அதே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பொறியியலாளர் அல்ல. ஆனால் இப்படியான வழக்குகளில் இருபது வருடமாக அறிக்கைகள் படித்ததில் ஒன்று திரும்பத் திரும்ப வரக் கண்டிருக்கிறேன்: சீமெந்து. உங்கள் ஒப்பந்தக்காரர் "முழுக்கச் சீமெந்தால் பூசிவிட்டால் இன்னும் நூறு வருடம் நிற்கும்" என்றாராம். சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுபவை. மேலே சீமெந்தைப் பூசினால் நிலத்தால் ஏறும் ஈரமும் கூரையால் இறங்கும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கும். உப்புப் பூத்துச் சாந்து மாவாகும். வெளியே பார்க்க மினுக்கமாக இருக்கும் சுவர் உள்ளே கரைந்துகொண்டிருக்கும். உங்கள் சுவருக்கு 1990களில் வெளிப்பக்கம் சீமெந்து பூசியதாக நீங்களே ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சாய்வுக்கு அதுவும் ஒரு காரணமா என்று பொறியியலாளரிடம் கட்டாயம் கேளுங்கள். சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த வயதான மேசன்மார் இன்னும் இருக்கிறார்கள். பழைய கோயில் வேலை செய்தவர்களை விசாரித்துப் பாருங்கள்.

முட்டுக் கொடுப்பது, பீலியைத் துப்புரவாக்கித் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்குவது, சுவர் இடுக்கில் முளைத்த ஆலங்கன்றை இழுத்துப் பிடுங்காமல் அடியோடு வெட்டிவிடுவது, சுவரின் மேற்பகுதியைப் பாதுகாப்பான உயரத்துக்கு இறக்கிக் கற்களை வளவுக்குள் அடுக்கி வைப்பது. இந்த வருடத்துக்கு இவ்வளவும் போதுமாக இருக்கலாம். கை வைப்பதற்கு முதல் நாலு பக்கமும் படம் எடுங்கள். அளவுகளையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

வர்த்தமானி வந்தால் வீடு போய்விடுமா?

ஊரார் சொன்னதில் அரைவாசி பிழை. மிச்ச அரைவாசியும் சரியாக விளங்கிக்கொள்ளப்படவில்லை.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள் அது. யாழ்ப்பாண அரசு அதற்குக் கிட்டத்தட்ட இரு நூற்றாண்டுகளுக்கு முதலே போர்த்துக்கேயரிடம் போய்விட்டது என்பது வேறு கதை. சட்டத்துக்கு அந்த ஒரு திகதிதான். அதற்கு முற்பட்ட கட்டடங்கள் தொன்மைச் சின்னங்கள் என்ற வகைக்குள் வரும். உங்கள் வீடு 1896. வயதானது என்பதற்காக மட்டும் அது தானாகவே பாதுகாக்கப்பட்ட சின்னமாகாது. அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். தனியார் காணியென்றால் அதற்கு முதல் உத்தேசம் பற்றி அறிவித்தல் கொடுத்து ஆட்சேபனை சொல்ல இடமளிக்க வேண்டும். ஒருவர் வந்து படம் எடுத்துப் போனதை அறிவிப்பாக நினைக்காதீர்கள்.

சந்தேகத்தோடு இருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "இந்த முகவரியிலுள்ள கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளதா, அறிவிக்கும் உத்தேசம் உள்ளதா" என்று திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

அறிவித்துவிட்டார்கள் என்றே வைப்போம். காணி உறுதி உங்கள் பெயர்களில்தான் இருக்கும். நீங்கள் குடியிருக்கலாம், உரித்துக் கொடுக்கலாம். அரசு காணியையே எடுப்பதென்றால் காணி எடுத்தற் சட்டத்தின்படி நட்டஈடு தந்து எடுக்க வேண்டும். அது தனியான நடைமுறை. அறிவிப்பால் மாறுவது என்னவென்றால், அனுமதிப்பத்திரம் இல்லாமல் திருத்தவோ மாற்றவோ கூட்டிக் கட்டவோ முடியாது, சேதப்படுத்தினால் குற்றம். பராமரிப்புப் பற்றித் திணைக்களமும் உரிமையாளரும் உடன்படிக்கை செய்துகொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. இதில் உங்களுக்கு இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். ஒரு குளியலறை கட்டக்கூட அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிவரும். அரசு செலவழித்துத் திருத்தித் தரும் என்று நம்பி மழையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. மறுபக்கத்தில், அந்தச் சுவரைச் சரியாகத் திருத்தத் தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அறிவிப்பு வராத நிலையிலும் அவர்களிடம் ஆலோசனை கேட்டு எழுதலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிப்பவர்களையும் கேளுங்கள்.

"முதல் இடிச்சுப் போடுங்கோ" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். திணைக்களத்தைத் தவிர்த்தாலும் உங்கள் சகோதரங்களைத் தவிர்க்க முடியாது. பொதுச் சொத்தை ஒரு பங்காளி மற்றவர்களின் சம்மதமில்லாமல் இடிக்க முடியாது. லண்டன் தங்கை மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம், இடித்த பிறகு நட்டஈடும் கேட்கலாம். தூண்களுக்கும் இதே கதைதான். அந்த வியாபாரி தரும் காசில் முக்கால்வாசி உங்களுடையதல்ல. காசை விடுங்கள், முற்றத்தைச் சுற்றியுள்ள தூண்கள்தான் உள்கூரையைத் தாங்குகின்றன. அவற்றைக் கழற்றிய வீடு அடுத்த மாரியைப் பார்ப்பது கடினம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கதவையும் தூண்களையும் மட்டும்தான் விற்றார்கள். மூன்று வருடத்தில் அது வெறும் வளவாகிவிட்டது. இன்றைக்கும் அந்த ஒழுங்கையால் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருபத்திரண்டு வருடம் இருந்தபடியால்…

இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தைப் பற்றி ஊரில் வழங்கும் சுருக்கம். ஆனால் பங்காளிகளுக்கிடையில் அது அப்படி வேலை செய்யாது. 1911இல் இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றம்) இலங்கை வழக்கொன்றில் தீர்த்துச் சொன்னது இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஒரு பங்காளியின் ஆட்சி (காணியைத் தன் கையில் வைத்து அனுபவிப்பது) மற்றப் பங்காளிகளின் ஆட்சியும்தான். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை விலக்கியிருந்தால்தான் பத்து வருடம் ஓடத் தொடங்கும். தங்கை வந்து அதே வீட்டில் தங்கிப் போனார், தம்பிக்கு மாம்பழம் அனுப்பினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்பான உறவே உங்கள் ஆட்சியுரிமைக் கோரிக்கைக்கு எதிரான சாட்சி. சோலைவரிப் பற்றுச்சீட்டும் உரித்தாகாது. "அக்கா, நீங்களே வைச்சிருங்கோ" என்று தம்பி போனில் சொன்னதும் உரித்தாகாது. காணி கைமாறுவதென்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும்.

அந்தப் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். உரோமன் டச்சுச் சட்டத்தில், பொதுச் சொத்து அழியாமல் காக்க அவசியமாகச் செலவழித்த பங்காளி மற்றவர்களிடம் அவரவர் பங்களவுக்குத் திருப்பிக் கேட்கலாம். ஓடு மாற்றியது, சுவருக்கு முட்டுக் கொடுப்பது அவசியச் செலவு. குசினிக்கு மாபிள் பதித்தது அந்த வகைக்குள் வராது. இனிமேல் செலவழிக்கு முதல் மதிப்பீட்டை எல்லோருக்கும் பதிவுத் தபாலிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். "இந்தத் திகதிக்குள் பதில் இல்லாவிட்டால் அவசர வேலையை நான் செய்கிறேன், உங்கள் பங்கு இவ்வளவு" என்று எழுதுங்கள். தம்பி, தங்கைக்கு இப்படி எழுதுவது மனசுக்குக் கூசும். ஆனால் வாய்ப்பேச்சில் விட்டதால் பிறகு மரணவீட்டுக்கும் போகாத குடும்பங்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

நாலு பங்கையும் தீர்ப்பது

1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் எந்தப் பங்காளியும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். கனடாத் தம்பி அதைத்தான் சொல்லி வெருட்டுகிறார் போலிருக்கிறது. அது அவருடைய உரிமை. ஆனால் நடுவில் நாற்சார் வீடு நிற்கும் நாலு பரப்பை நாலாக வெட்டினால் வீடு நாலு துண்டாகும். அதனால் முழுவதையும் விற்றுக் காசைப் பங்கிடச் சொல்லும் விற்பனைக் கட்டளைதான் வரக்கூடும். வழக்கும் வருடக்கணக்கில் ஓடும். அப்படி வழக்கு வந்தால் உங்கள் செலவுகளை உங்கள் கூற்றுரையில் கோர மறக்காதீர்கள்.

நான் விரும்புவது வழக்குக்கு முந்திய பேச்சு. தம்பி தன் பங்கை விற்கட்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின்படியும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. உங்களுக்கு அறிவிக்காமல் அவர் வெளியாளுக்கு எழுத முடியாது. தங்கைக்கு வீட்டின்மீது அவ்வளவு பற்று இருந்தால் அந்தப் பங்கை வாங்க அவர் உதவட்டும். ஆனால் அவர் பிரித்தானியப் பிரஜையாக மட்டும் இருந்தால் தன் பெயரில் விலைக்கு வாங்குவதற்கு 2014ஆம் ஆண்டின் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். முதுசமாக அவருக்கு ஏற்கனவே வந்த பங்கை அந்தச் சட்டம் தொடாது. இறந்த தம்பியின் பங்கு பராயமடையாத பிள்ளைகளுடையது. அதை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அவர்களுடைய தாயின் கையெழுத்து மட்டும் போதும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் (தங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்புவதென்றால் அங்கேயுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பட்டும். அதில் "பராமரிக்கவும் திருத்தவும் சபையோடும் திணைக்களத்தோடும் தொடர்புகொள்ளவும்" என்று எழுதட்டும். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்ப்பதா என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதியது உறுதியைப் பார்க்காமல். நாலு பேருக்கும் சம பங்கு என்று நீங்கள் சொன்னதை வைத்தே எழுதினேன். தங்கைக்குச் சீதனம் எழுதியபோது என்ன எழுதினார்கள், தகப்பனார் மரணசாதனம் (உயில்) எழுதி வைத்தாரா, அவருக்குப் பிறகு நிர்வாக வழக்கு நடந்ததா என்பவற்றைப் பொறுத்துப் பங்குகள் மாறலாம். காணிப் பதிவகத்தில் தேடுதல் எடுத்து, உறுதியோடு உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரை நேரில் பாருங்கள்.

அதற்கு முதல், இந்தக் கிழமைக்குள் இரண்டு வேலை. பட்டயப் பொறியியலாளர் ஒருவரை அழைத்துச் சுவரைக் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஒழுங்கைப் பக்கத்தில் எவ்வளவு தூரம் மறிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, சபைக்குச் சொல்லி, அன்றைக்கே கயிறு கட்டுங்கள். ரியூசன் நடத்துபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளைகளை மற்ற ஒழுங்கையால் அனுப்பட்டும். அடுத்தது அறிவித்தலுக்கான பதில். அதன் கீழே உள்ள திகதிக்கு முதல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.